டர்பனிலிருந்து லெசோத்தோ: ஒரு வாரம் மலையில் தங்கிவர முழு வழிகாட்டி

ஜூலை பள்ளி விடுமுறை நெருங்கினால் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் தெருவில் ஒரே பேச்சுதான். இந்தியாவுக்கு டிக்கெட் பார்ப்பார்கள், விலையைக் கேட்டுத் தலையில் கை வைப்பார்கள், கடைசியில் வழக்கம்போல டிராகன்ஸ்பர்க் அடிவாரத்தில் ஒரு வீடு பிடித்து, மூன்று நாள் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த மலைச் சுவருக்கு அந்தப் பக்கம் தனி நாடு ஒன்று இருக்கிறது. ராஜா இருக்கிறார், கொடியில் ஒரு தொப்பி இருக்கிறது, ஜூலையில் பனி விழுகிறது. நான் தூத்துக்குடியிலிருந்து இங்கே வேலைக்கு வந்து ஏழு வருடம் கழித்துத்தான் அங்கே முதலில் போனேன். இதுவரை நான்கு முறை போயாயிற்று. ஒவ்வொரு முறையும் யாராவது "எப்படிப் போவது?" என்று கேட்பதால், தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

லெசோத்தோ என்று எழுதினாலும் அங்கே 'லெசூட்டு' என்றுதான் சொல்கிறார்கள். நாலா பக்கமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்த நாடு. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். முழு நிலமும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் நாடு உலகத்தில் இது ஒன்றுதான். உயர்ந்த சிகரம் தபானா ந்ட்லென்யானா, 3,482 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் உயரம் பிடிபடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஏறி, உச்சியில் படம் எடுத்து, மதியம் இறங்கிவிடும் ஒரு நாள் பயணம்தான் பலர் போவது. அதில் நாட்டின் வாசற்படியைத்தான் பார்க்கிறீர்கள். குறைந்தது நான்கு இரவு தங்குங்கள், ஒரு வாரம் என்றால் நிம்மதி.

எப்போது போவது

ஏப்ரல், மே மாதங்கள் என் தேர்வு. மழை நின்று வானம் துடைத்துவைத்தாற்போல இருக்கும், சோளம் அறுவடைக்கு நிற்கும், பாப்லர் மரங்கள் மஞ்சளாகும். அடுத்தது செப்டம்பர். ஊர்தோறும் வீட்டுப் பக்கத்தில் பீச் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும், சுற்றிலும் நிலம் காய்ந்த பழுப்பில் இருப்பதால் அந்த நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி. டர்பனில் ஸ்வெட்டர்கூட வேண்டாத அதே நாளில் மேலே இரவில் தண்ணீர் உறைந்துவிடும். பனி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்தால் இந்த மாதங்கள்தான் வழி, ஆனால் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கும், ஓட்டுபவருக்குக் கஷ்டம். நவம்பர் முதல் மார்ச் வரை பச்சைப்பசேல். கூடவே பிற்பகலில் இடி, மழை. அந்த மாதங்களில் போனால் ஓட்டத்தை எல்லாம் மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மார்ச் 11 மொஷ்வெஷ்வே நாள், நாட்டை உருவாக்கிய ராஜாவின் நினைவாக அங்கே பொது விடுமுறை.

காகிதங்கள்

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம். என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். லெசோத்தோவுக்குள் நுழைய என்ன கேட்கிறார்கள் என்பதை பிரிட்டோரியாவில் இருக்கும் அவர்களுடைய தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப நுழைய உங்கள் அனுமதி செல்லுமா என்பது. ஒரு முறை மட்டும் நுழையும் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போய், திரும்பும்போது எல்லையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஒரு பெற்றோர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

வண்டிக்கு: பதிவுப் பத்திரம். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடமிருந்து எல்லை தாண்ட அனுமதிக் கடிதம். வாடகை வண்டியானால் அந்த நிறுவனத்தின் கடிதம். என் முதல் பயணம் இந்தக் கடிதத்தில்தான் முடிந்தது. வண்டி கொடுத்தவர் "மெயிலில் அனுப்பிவிட்டேன்" என்றார், வந்திருந்தது ரசீது. எல்லைச் சாவடி அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. பின்சீட்டில் இருந்த பிரியாணி அண்டாவை ஹிம்வில் ஊர் மரத்தடியில் வைத்துக் காலி செய்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். கடிதத்தைக் கையில் வாங்கி, படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த வழி

உங்களிடம் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி, அதாவது ஃபோர் பை ஃபோர், இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் சானி கணவாய், அதாவது அந்த மலைச் சுவரில் நேரே ஏறும் கரடுமுரடான வழி. இல்லை என்றால் சானியைத் தனியாக ஒரு நாள், அண்டர்பர்கிலிருந்தோ ஹிம்விலிலிருந்தோ கிளம்பும் சுற்றுலா வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, சொந்த வண்டியில் மறுபக்கமாகச் சுற்றிப் போங்கள்: என்3 சாலையில் ஹாரிஸ்மித், அங்கிருந்து கிளாரன்ஸ், ஃபௌரிஸ்பர்க், காலிடன்ஸ்பூர்ட் எல்லை. அல்லது இன்னும் தள்ளி, தலைநகர் மசேருவுக்குள் நுழையும் மசேரு பாலம், அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். மசேரு, தாபா போசியு, மொரிஜா, செமோன்கோங் எல்லாமே தார்ச்சாலைதான், சாதாரண காரே போதும். சானியில் காரைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், கீழே சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சானி ஏறும் நாள்

டர்பனிலிருந்து என்3, ஹோவிக் பக்கம் பிரிந்து ஆர்617 சாலை, புல்வர், அண்டர்பர்க். சுமார் 200 கிலோமீட்டர். அன்றைக்கே ஏற அவசரப்படாமல் அண்டர்பர்கிலோ ஹிம்விலிலோ படுத்துவிடுங்கள். பெட்ரோலை அங்கேயே முழுதாக நிரப்புங்கள், உச்சியில் கிடைக்காது, அடுத்தது மொகோட்லோங் ஊரில்தான்.

எல்லை காலை 6 முதல் மாலை 6 வரை. போகுமுன் சாலை நிலவரமும் சாவடி நேரமும் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சாலை வேலை நடந்துகொண்டே இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சாவடி கீழே, லெசோத்தோ சாவடி மேலே, இடையில் சுமார் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் செங்குத்தாக ஏறி 2,876 மீட்டருக்குப் போய்விடுகிறீர்கள். கொல்லிமலை வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு வளைவு புதிதாக இருக்காது. இங்கே புதிது தளர்ந்த கல். சக்கரத்துக்கு அடியில் அது உருளும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, தாழ்ந்த கியர். இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் கரிந்த வாசனை வரும், அதற்கு முன் நிறுத்தி ஆறவிடுங்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

1913 வாக்கில் இது குதிரைப் பாதை. கம்பளி மூட்டையும் தானியமும் கழுதை, கோவேறு கழுதை முதுகில் ஏறி இறங்கிய வழி. மோட்டார் வண்டி முதலில் ஏறியது 1948-இல்.

உச்சியில் ஆப்பிரிக்காவின் மிக உயரமான மதுக்கூடம் என்று பலகை தொங்கும் விடுதி ஒன்று உண்டு. குடிக்காதவர்களும் உள்ளே போகலாம், சூடான சூப்பும் கணப்பும் இருக்கிறது. வாசலில் நின்று வந்த வழியைக் குனிந்து பாருங்கள். சுருட்டிப் போட்ட நூல் மாதிரி கிடக்கும். உயரத்தால் சிலருக்கு லேசாகத் தலைவலிக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அங்கிருந்து மொகோட்லோங் வரை நல்ல தார்ச்சாலை. முதல் இரவு அங்கேயே தங்கலாம். ஊர்ப் பெயருக்கு மொட்டைத்தலை அரிவாள்மூக்கன் இருக்கும் இடம் என்று பொருள், அந்தப் பறவைக்கு மொகோட்லோ என்று பெயர். வானத்தில் பெரிய இறக்கை தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். தாடிக் கழுகாக இருக்கலாம். எலும்பைப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் கழுகு அது.

பேசத் தெரிய வேண்டிய நாலு வார்த்தை

ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, ஆனால் மலையூர்களில் செசோத்தோ இல்லாமல் பேச்சு ஓடாது. எழுத்தில் 'லி', 'லு' என்று இருந்தால் 'டி', 'டு' என்று படிக்க வேண்டும். வணக்கம் சொல்ல 'லுமேலா' என்று எழுதி 'டுமேலா' என்பார்கள். நன்றிக்கு 'கே ஆ லெபோஹா'.

வெறும் டுமேலா போதாது. வயது வந்த ஆணை 'ந்தாத்தே' என்றும் பெண்ணை 'ம்மே' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா என்றுதான் பொருள். முதல் தடவை கேட்டபோது தாத்தா, அம்மா என்றே என் காதில் விழுந்தது. கடைக்காரர், காவலர், எல்லை அதிகாரி எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுகிற மாதிரி. வணக்கம் சொல்லாமல் நேரே வழி கேட்டால் பதில் வரும், முகம் மலராது.

சாப்பாடு

நம் ஆட்கள் பயணம் என்றாலே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். வழிச்சாப்பாடாக ரொட்டி சுருட்டி, புளிச்சாதம், ஊறுகாய் எல்லாம் கொண்டுபோங்கள், சரி. ஆனால் மேலே ஏறியதும் மூட்டையைக் கொஞ்சம் கட்டி வையுங்கள்.

அவர்களுடைய அன்றாடச் சோறு 'பாப்பா'. வெள்ளை மக்காச்சோள மாவைக் கிண்டிக் கெட்டியாக எடுப்பது. களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, கையால் உருட்டித் தொட்டுக்கொள்வதும் அப்படியேதான். தொட்டுக்கொள்ள 'மொரோஹோ', அதாவது கீரை. பொடியாக நறுக்கி, எண்ணெயில் வதக்கி, தண்ணீர் சுண்ட வேகவைப்பார்கள். மிளகாய் கிடையாது. சாட்ஸ்வொர்த் வீடுகளில் வாரம் மூன்று நாள் கீரை சமைக்கிறவர்கள் இதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உப்பு மட்டும் கேட்பார்கள். 'ந்யெக்வே' என்று ஒன்று: சோளமும் அவரைவிதையும் சேர்த்து வேகவைத்தது. விடியற்காலைச் சாலையோரத்தில் 'மக்வென்யா' சுடுவார்கள், எண்ணெயில் பொரித்த உருண்டை ரொட்டி. உள்ளே ஒன்றும் இருக்காது, அங்கேயே நின்று சூடாகத் தின்ன வேண்டும், ஆறினால் கல்.

இப்போது 'மொட்டோஹோ'. போன முறை பக்கத்து வீட்டு ஆயாவையும் கூட்டிப் போனோம், எண்பது வயது, சாட்ஸ்வொர்த்திலேயே பேரன் பேத்தி எடுத்தவர். மொகோட்லோங் சந்தைப் பக்கம் ஒரு அம்மாள் வாளியை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்ததும் புளித்த மணம் வந்தது. ப்ளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார், இளஞ்சிவப்பு நிறம், நீர்க்க, வெதுவெதுப்பாக. சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கஞ்சி. ஆயா ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம மாரியம்மன் கூழு."

ஆடி மாதம் டர்பன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்களே, 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம், அதே புளிப்பு. ஆயா இரண்டாவது கோப்பையும் வாங்கி, "வெங்காயம் இருக்கா கேளு" என்றார். இருந்தது. அந்த அம்மாளும் ஆயாவும் ஒரு வார்த்தை பொதுவாகத் தெரியாமல் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அன்றைக்கு வழியில் பார்க்க வைத்திருந்த ஒரு இடம் தவறிப்போயிற்று.

புரட்டாசி விரதத்தில் இருப்பவர்களுக்கும் கஷ்டமில்லை: பாப்பா, மொரோஹோ, அவரை. 'ஹா கே ஜே நாமா' என்றால் நான் இறைச்சி சாப்பிடமாட்டேன். சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டிறைச்சியும், ஓடைகளில் பிடித்த டிரவுட் மீனும். மசாலா எதிர்பார்க்காதீர்கள், ஒரு சின்ன டப்பாவில் மிளகாய்த்தூள் கொண்டுபோனால் குற்றமில்லை.

ஊருக்குள் கம்பத்தில் கொடி பறந்தால் அது கட்சிக் கொடி இல்லை. வெள்ளைக் கொடி என்றால் அந்த வீட்டில் 'ஜ்வாலா' என்ற சோள பீர் விற்பனைக்கு உண்டு. சிவப்பு என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. விளம்பரப் பலகைக்கு இதைவிட மலிவான வழி நான் பார்த்ததில்லை.

போர்வையும் தொப்பியும் சுவரும்

குதிரைமேல் போர்வை போர்த்திய ஆளைப் பார்த்ததும் எல்லாரும் கேமராவை எடுப்பார்கள். முதலில் டுமேலா, அப்புறம் அனுமதி, அப்புறம் படம். அந்தப் போர்வை குளிருக்கு மட்டும் ஆனதில்லை. கல்யாணம், பிரசவம், வயதுக்கு வருவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் போர்வை உண்டு, நம் வீட்டில் பட்டுப்புடவைக்கு இருக்கிற இடம் அதற்கு. ஆண்கள் போர்வையை வலது தோளில் ஊக்கு குத்திக்கொள்வார்கள், பெண்கள் மார்புக்கு முன்னால். கோடுகள் மேலிருந்து கீழாக வரும்படி போர்த்த வேண்டும், அப்படிப் போர்த்தினால் வளர்ச்சி என்று கணக்கு. உயர்ந்த ரகத்துக்கு 'செயானாமரேனா' என்று பெயர், அதில் மக்காச்சோளக் கதிர் வடிவம் இருக்கும். வாங்கும்போது கம்பளி எவ்வளவு, செயற்கை நூல் எவ்வளவு என்று சீட்டைப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால் அசல் போர்வைகள் நெய்யப்படுவது தென்னாப்பிரிக்காவின் ராண்ட்ஃபோன்டைனில்.

கொடியில் இருக்கும் கூம்புத் தொப்பிக்கு 'மொகோரோட்லோ' என்று பெயர், புல்லால் பின்னுவது. தாபா போசியு பக்கத்தில் நிற்கும் கிலோவானே குன்றைப் பார்த்தால் தொப்பிக்கு அச்சு எங்கே கிடைத்தது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எனக்குப் பிடித்தது 'லிடெமா'. வட்ட வீடுகளின் சுவரில் பெண்கள் ஈர மண்பூச்சில் விரலாலும் முள்கரண்டியாலும் கோடு இழுத்துப் போடும் கோலம். உழவுச்சால் மாதிரி, பூ மாதிரி, ஒரு கட்டத்தை நான்காகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே போவார்கள். கனமழை வந்தால் கரைந்துவிடும். கரைந்தால் வருத்தமில்லை, மழை வந்ததே என்று மறுபடி போடுவார்கள்.

மொகோட்லோங்கிலிருந்து மசேரு வரை

ஒரு முழு நாள் ஓட்டம், காலையிலேயே கிளம்புங்கள். சாலை 3,200 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் லெட்செங் வைரச் சுரங்கம் வரும், 2018-இல் 910 காரட் கல் ஒன்று கிடைத்தது இங்கேதான். உள்ளே போக முடியாது, வேலியைத்தான் பார்க்கலாம். அதைத் தாண்டி ஆஃப்ரிஸ்கி, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விடுகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். எனக்கு அங்கே ஆர்வமில்லை, விலையும் டர்பன் கடற்கரை ஓட்டல் விலை.

இறங்கினால் புத்தா-புத்தே, பிறகு லெரிபே. லெரிபேயிலிருந்து மலைக்குள் திரும்பினால் காட்சே அணை, 185 மீட்டர் உயரச் சுவர். ஜோஹானஸ்பர்க் வீடுகளுக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மலையிலிருந்து சுரங்கக் குழாய் வழியே போவதுதான். 1986-இல் போட்ட ஒப்பந்தம். அணைகளில் ஆர்வம் இருந்தால் இதற்கென்று ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். தெயாதெயானெங் ஊரில், சுருக்கமாக 'டீவை', பெண்கள் அங்கோரா ஆட்டு ரோமத்தில் சுவர்த்திரை நெய்யும் பட்டறைகள் இருக்கின்றன. தறிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவிடுவார்கள்.

தாபா போசியு

மசேருவிலிருந்து அரை மணி நேரம். பெயருக்கு 'இரவின் மலை' என்று பொருள். 1824-இல் மொஷ்வெஷ்வே தன் மக்களோடு இந்த மேட்டின்மேல் ஏறினார். பகலில் சின்னதாகத் தெரியும் மலை இரவில் வளர்ந்துவிடும் என்று எதிரிகளை நம்பவைத்தார்களாம். சுற்றிலும் செங்குத்துப் பாறை, மேலே சமதளம், ஊற்றுத் தண்ணீர். செஞ்சிக் கோட்டை ஏறியவர்களுக்கு அந்த இடத்தின் புத்தி உடனே பிடிபடும்.

வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள், அடிவாரத்தில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பஞ்ச காலத்தில் மனிதரைத் தின்றவர்கள் மொஷ்வெஷ்வேயின் பாட்டனாரையும் தின்றுவிட்டார்கள், பிடிபட்டவர்களைக் கொல்லச் சொன்னபோது "இவர்கள் என் பாட்டனாரின் சமாதி, சமாதியை இடிப்பதா" என்று சொல்லி, மாடும் நிலமும் கொடுத்து வாழவைத்தார் என்ற கதையை அங்கே கேட்கலாம். மேலே அவருடைய கல்லறை இருக்கிறது, 1870-இல் இறந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்றிருந்தார். நாடு தென்னாப்பிரிக்காவோடு கலக்காமல் தனியாக நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். விடுதலை 1966 அக்டோபர் 4.

நேரம் இருந்தால் மொரிஜா போங்கள். 1833-இல் பிரெஞ்சு மிஷனரிகள் தொடங்கிய ஊர், நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது, மலையேறினால் டைனோசர் காலடித்தடம்.

செமோன்கோங்

மசேருவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், ரோமா வழியாக. இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே வீழ்ச்சி. நீர்த்தூள் புகை மாதிரி எழும்புவதால்தான் ஊருக்கு 'புகையின் இடம்' என்று பெயர். கயிற்றில் இறங்குபவர்களுக்கு 204 மீட்டர் இறக்கம் உண்டு. நான் விளிம்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

அருவிக்குக் குதிரையில் போங்கள். பாசோத்தோ குதிரை குள்ளம், உறுதியானது, பாறையில் கால் வைக்குமுன் யோசிக்கும். ஓட்டத் தெரியாதவர்களையும் ஏற்றிவிடுவார்கள், கடிவாளத்தை லூஸாகப் பிடித்தால் போதும், வழி அதற்குத் தெரியும். மறுநாள் தொடை வலிக்கும். வழியில் மேய்க்கும் பையன்களைப் பார்ப்பீர்கள், போர்வையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு. 'லிபொம்பொங்' என்று மிட்டாய் கேட்பார்கள். அள்ளி வீசாதீர்கள், நின்று பேசுங்கள், ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுங்கள். அவர்களில் யாராவது 'லெசிபா' வைத்திருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு குச்சி, ஒரு தந்தி, முனையில் ஒரு இறகுத்தண்டு. அந்த இறகை வாயால் ஊதித் தந்தியை அதிரவைப்பார்கள். குழலா யாழா என்று சொல்ல முடியாது.

பணம், வண்டி, இன்ன பிற

அவர்கள் பணம் லோட்டி, பன்மையில் மலோட்டி. ஒரு லோட்டி ஒரு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம், ராண்ட் எங்கும் செல்லும். மீதிச்சில்லறை மலோட்டியில் வரும், அதை எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள், இந்தப் பக்கம் யாரும் வாங்கமாட்டார்கள். மலையூர்களில் அட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

இருட்டிய பின் ஓட்டாதீர்கள். கழுதை, ஆடு, போர்வை போர்த்தி நடக்கும் ஆட்கள், எதற்கும் வெளிச்சம் கிடையாது. எல்லையில் ஒரு சின்னச் சாலைக் கட்டணம் வாங்குவார்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் ஒரு கனத்த ஜாக்கெட், தொப்பி. சுருள் கற்றாழை என்று சுழல் சுழலாக இலை அடுக்கிய செடி ஒன்று அந்த நாட்டில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது, யாராவது வழியில் விற்றால் வாங்காதீர்கள், பிடுங்குவது சட்டவிரோதம், நம் வீட்டு மண்ணில் பிழைக்கவும் செய்யாது.

திரும்பும் வழியில் செமோன்கோங்கிலிருந்து ஒரே நாளில் டர்பன் வர முயலாதீர்கள். மசேரு பாலம் தாண்டி லேடிபிராண்டிலோ கிளாரன்ஸிலோ ஒரு இரவு. நாங்கள் அப்படித் தங்கிய இரவில் ஆயா பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார், மொகோட்லோங் அம்மாளிடம் வாங்கிய சோள மாவு. அடுத்த ஆடிக்கு அதில்தான் கூழ் காய்ச்சினார். கோயிலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.